முள் விழுந்ததும் நிறுத்தியவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. சுங்கை காடுட்டில் மரம் அறுக்கும் ஆலையை விட்டுக் கிளம்பி, ஒரு துணிப்பையோடு உட்லண்ட்ஸ் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. காலையில் ரம்பம் ஓடத் தொடங்கியதும், இனி இந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது என்று தோன்றியது. போய் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஓகே லா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் இல்லாமல் ஆலை நிற்காது என்பது எனக்கும் தெரியும்.

அந்த வயதில் எனக்கு அது வழக்கம். செம்பவாங்கில் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்தவன் நான். வெள்ளைக்காரர்கள் போனதும் அப்பாவுக்கு வேலை போயிற்று. என் பள்ளிக்கூடம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கப்பலில் துரு சுரண்டினேன், மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன், ஆங் மோ கியோவில் புது வீடுகள் எழும்பியபோது சிமெண்ட் கலந்தேன். ஜூரோங்கில் மண்வாரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில்தான் கொஞ்ச காலம் சேர்ந்தாற்போல் இருந்தேன். ஸ்பேனர் பிடிக்கவும், புல்டோசரை ஓட்டவும் அங்கே பழகியது. அதையும் ஏன் விட்டேன் என்று இப்போது நினைவில்லை.

நல்ல வெயில். மார்சிலிங் பக்கம் ஒரு மேட்டை வெட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் வரப்போகிற இடம். அந்தக் காலத்தில் வடக்கே எங்கே திரும்பினாலும் சிவப்பு மண்ணும் லோரியும்தான். ஒரு மாதம் கழித்துப் போனால் வழி மாறியிருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று உள்ளே போனேன்.

உள்ளே எந்த இயந்திரச் சத்தமும் இல்லை. மேட்டின் பாதியில், மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த நிலையிலேயே ஒரு புல்டோசர் நின்றிருந்தது. அதன் இரும்புச் சங்கிலியில் சாய்ந்து மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார் அதை ஓட்டுபவர். என்னைவிடச் சில வயது இளையவர். சட்டை வெளுத்திருந்தாலும் சுத்தமாக இருந்தது. வலது கையை இறுக்க மூடியிருந்தார். எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார் மண்டோர், அதாவது அந்த இடத்து வேலையாட்களுக்கெல்லாம் பொறுப்பானவர். அவரும் தமிழர்தான். சுற்றிலும் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"காலையில என்ன கேட்டே? சாயந்திரம் சீக்கிரம் விடுங்க, கோயிலுக்குப் போகணும்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். நீங்க முடியாதுன்னீங்க. சரின்னு வந்து வேலையத்தானே பார்த்தேன்?"

"நான் முடியாதுன்னேன், உடனே மெஷின் நின்னுடுச்சு. உன் சாமி ரொம்ப வேகம் லா!"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "முள்ளு விழுந்துச்சு மண்டோர். நிறுத்திட்டேன்" என்றார்.

"விழுந்தா விழட்டும். மீட்டரா மண்ணு தள்ளுது?"

அங்கிருந்த தண்ணீர்ப் பீப்பாயில் மொண்டு குடித்துக்கொண்டே விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். புல்டோசரில் இஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளினால்தான் சுழலும் பாகங்களுக்கு நடுவில் ஒரு படலம் நிற்கும். அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி, சில நிமிடங்களிலேயே இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த மீட்டரின் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்திருக்கிறது. அவர் அந்த நொடியே நிறுத்திவிட்டுச் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார். மறுபடி ஓட்ட மறுத்தார்.

மண்டோரின் அவசரமும் பொய்யில்லை. மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. சனிக்கிழமை காலையில் அஸ்திவாரத் தூண்களை அடித்து இறக்கும் பைலிங் இயந்திரம் வந்து இறங்கும். அதற்குள் இடம் சமமாகவில்லை என்றால் தவுக்கே, அதாவது கம்பெனி முதலாளி, இவரைத்தான் பிடித்துக்கொள்வார். கம்பெனியின் ஃபிட்டர் வேறெங்கோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு முன்னால் வரமாட்டார்.

"கடைசியாச் சொல்றேன். ஏறலைன்னா ஆபீசுக்குப் போன் பண்ணி உன் வேலை பெர்மிட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிடுவேன். பாலத்துக்கு அந்தப் பக்கமே இரு. தினமும் பூசை பாரு."

அப்போதுதான் அவர் பாலத்துக்கு அக்கரையில், அடுத்த நாட்டில் இருக்கும் ஜொகூர்க்காரர் என்று புரிந்தது. தினமும் விடியுமுன் பாலம் கடந்து வந்து, இருட்டியதும் திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நான் இங்கேயே பிறந்தவன். ஒரு வேலையை விட்டால் அடுத்த தெருவில் இன்னொன்றைப் பார்த்துக்கொள்வேன். அவருக்கு அப்படி இல்லை. இந்த வேலை போனால் இந்த ஊரே போயிற்று.

மண்டோர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ யாரு மேன்?"

தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன். எங்கே வேலை என்றார். ஆலையைச் சொன்னேன், விட்டுவிட்டதையும் சொன்னேன். அதற்கு முன்னால் என்று கேட்டபோது ஜூரோங் பட்டறையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இதை ஓட்டுவியா?"

"ஓட்டியிருக்கேன்."

"அப்ப ஸ்டார்ட் பண்ணி இந்த மேட்டை முடிச்சுக் குடு. சனிக்கிழமையிலேர்ந்து இந்த சீட்டு உன்னுது."

ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் அது நல்லவன் போல் காட்டிக்கொள்வது. என் பையில் இரண்டு சட்டைதான் இருந்தது. அன்றிரவு எங்கே படுப்பேன் என்று தெரியாது. நான் பார்த்த எந்த வேலையிலும் தலைக்கு மேல் நிழலோடு ஒரு இருக்கை கிடைத்ததில்லை. நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடு தம்பி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சீட்டு வேணும்னா எடுத்துக்குங்க. சாவிய மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்."

"என்னத்தப் பார்த்துட்டு?"

"உள்ள பிரஷர் இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு."

வேலை போகப்போகிறவன் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்றேன். மண்டோர், "என்னமோ பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

முதலில் எண்ணெய் அளவைப் பார்த்தேன். குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்ததில், சரியான கோட்டில் நின்றது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீரோ டீசலோ கலந்து நீர்த்துப் போகவில்லை. கீழே எங்கும் கொட்டவில்லை. அந்த இஞ்சினை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நாள் முழுக்க மண்ணில் புரளும் இயந்திரம். மூடியைத் திறந்தால் ஓரங்களில்கூட அழுக்கு கிடையாது. நாங்கள் பட்டறையில் கழுவி அனுப்பியவை எவையும் இவ்வளவு சுத்தமாகப் போனதில்லை.

இஞ்சினின் பக்கவாட்டில் பித்தளைக் குமிழ் போல ஒன்று திருகியிருக்கும். எண்ணெயின் அழுத்தத்தை உணர்ந்து கம்பி வழியாக மீட்டருக்குச் சொல்வது அதுதான். இப்போது எல்லோரும் சென்சர் என்கிறார்கள். அன்று நாங்கள் ஆயில் சுவிட்ச் என்போம். அதிலிருந்து கம்பியைக் கழற்றி இஞ்சினின் இரும்பில் தொட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு மீட்டரைப் பார்க்க அவரிடம் சொன்னேன். முள் விறுவிறுவென்று மேலே ஏறுகிறது என்றார். ஆக, மீட்டரிலும் கோளாறு இல்லை, கம்பியும் அறுந்திருக்கவில்லை.

"அப்ப சுவிட்சுதான் போயிருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல தம்பி, ஸ்டார்ட் பண்ணு."

"உறுதியாத் தெரியுமா அண்ணே?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா வேணாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான். சுவிட்ச் பழுதாக இருக்கலாம். உண்மையிலேயே பம்பு நின்று, சுவிட்ச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். நான் செய்த சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. பட்டறையில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்த சீட்டில் ஏறும் அவசரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வேறு வழியில் அளக்க வேண்டும். மேட்டின் ஓரத்தில் பழுதாகிக் கிடந்த பழைய ரோட் ரோலர் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ரோலர்களில் கம்பி, மின்சாரம் எதுவும் கிடையாது. மெல்லிய செம்புக் குழாய் வழியாக எண்ணெயே நேராக மீட்டருக்குப் போய் முள்ளைத் தள்ளும். அந்த மீட்டர் பொய் சொல்லாது. அதைக் குழாயோடு கழற்றி எடுத்துவந்தோம். ஃபிட்டரின் தகரப் பெட்டியைக் கிளறி, மரை பொருந்துகிற ஒரு இணைப்பும் தேடி எடுத்தோம்.

குழாயைப் பொருத்துவதற்காக ஆயில் சுவிட்சைக் கழற்றினேன். அதன் மரையைச் சுற்றி வெள்ளை டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் சுற்றுவோமே, அந்த டேப்.

"இதை யாரு சுத்தினது?"

"நான்தான் அண்ணே. நேத்துச் சாயந்திரம். போன வாரத்துலேர்ந்து அந்த இடத்துல எண்ணெய் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஃபிட்டர்கிட்டச் சொன்னேன், அப்புறம் பார்க்கலாம்னாரு. வீட்டுக் குழாய்க்கு வாங்கின டேப் கிடந்துச்சு, எடுத்துட்டு வந்து சுத்தினேன். இன்னிக்கு ஒரு சொட்டு ஒழுகலையே!" கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சுவிட்சைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு இஞ்சினோடு மின்சாரத் தொடர்பு அந்த மரை வழியாகத்தான். இரும்பும் பித்தளையும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் டேப் வந்தால் தொடர்பு விட்டுப்போகும். காலையில் மரையின் கூர் எங்கோ டேப்பைக் கிழித்துத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இஞ்சின் சூடாகி, அதிர்ந்து அதிர்ந்து அந்தத் தொடுகையும் போனதும் முள் விழுந்துவிட்டது. அழுக்கு பிடிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அவர் செய்த காரியமே அவருக்கு எமனாக வந்திருந்தது.

சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. மண்டோர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். இவர் வேண்டுமென்றே செய்தார் என்று அங்கே ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது. இப்போது அவர் கையாலேயே சுற்றிய டேப் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் பம்பு ஓடுகிறதா என்பது இன்னும் தெரியவில்லை, அதனால் வேலையைத் தொடர்ந்தோம். சுவிட்ச் இருந்த துளையின் கீழே ஒரு தகர டின்னைப் பிடித்துக்கொண்டு, டீசலை அடைத்துவிட்டு இஞ்சினைச் சும்மா சுற்ற வைத்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குபுக்கென்று எண்ணெய் வந்து என் முழங்கை வரை நனைத்தது. அவர் மேலிருந்தபடியே, "வருதா அண்ணே, வருதா?" என்று கத்தினார். சட்டையைக் காட்டினேன். துளையில் செம்புக் குழாயை மாட்டி டீசலைத் திறந்ததும் அவர் தானாகவே சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியது. ரோலரின் பழைய மீட்டர் என் கையில் இருந்தது. முள் எழுந்து, இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது. அந்த முள்ளை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்பின் தெரியாதவர் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி கேட்டால்கூட நமக்கு ஒரு சந்தோஷம் வருமே, அப்படி.

நிறுத்திவிட்டு டேப்பை உரித்தேன். மரையைத் துடைத்து, சுவிட்சை அதன் இடத்தில் வைத்து முறுக்கினேன். உரித்த டேப்பை என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்: "கம்பி லூசாயிடுச்சுன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே."

அவர் ஏதோ நினைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாமல், அன்று என்ன நாள் என்று சொல்லத் தொடங்கினார். பெரிய வியாழக்கிழமை. கோயிலில் மாலைப் பூசையின்போது அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து ஃபாதர் அவர்கள் பாதங்களைக் கழுவித் துடைப்பாராம். இந்த வருடம் ஜொகூரில் இவருடைய பங்கில் அந்தப் பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். இவர் குடும்பத்தில் யாரையும் இதுவரை கூப்பிட்டதில்லை. "வீட்டுல அவ எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கா" என்றார்.

பிறகு அவர் ஏறி இஞ்சினை ஒருமுறை ஓட்டி, புல்டோசரின் முள்ளும் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கினார். இஞ்சின் சத்தம் கேட்டு மண்டோர் வந்துவிட்டார். "என்ன கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "நான்தான் மண்டோர். ஒழுகுதுன்னு அந்தச் சுவிட்சுல டேப் சுத்தினேன். அதனால மீட்டர் தப்பாக் காட்டிடுச்சு. இஞ்சின்ல ஒண்ணும் இல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப நீயே செஞ்சது!" மண்டோர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

"தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன் மண்டோர்."

"அதை நான் எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பட்டறையில இருந்தவன்தானே நீ? நீ சொல்லு. வேணும்னே செஞ்சானா, தெரியாம செஞ்சானா?"

நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 'எனக்கு எப்படித் தெரியும்' என்று தோளைக் குலுக்கினால் போதும். அது உண்மையும்கூட, அவரைச் சந்தித்து எவ்வளவு நேரம் ஆகிறது? மற்றதை மண்டோர் பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை காலையில் நான் அந்த நிழலில் ஏறி உட்கார்ந்திருப்பேன். என் பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சின் ஓரத்தில் மறுபடி எண்ணெய் துளிர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியை எடுத்துத் துடைக்கப் போய், கையை நிறுத்திக்கொண்டார்.

"வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவன் இப்படிச் செய்ய மாட்டான் மண்டோர்" என்றேன். "முள்ளு விழுந்துச்சுன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருக்கலாம். நீங்க வேலை போயிடும்னு சொல்லியும் சாவிய இறுக்கிப் பிடிச்சுட்டு இந்த மண்ணுல உக்காந்திருந்தான். உள்ள ஒண்ணுமில்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னப்பவே பண்ணியிருப்பான். நான் பண்ணச் சொன்னேன். அவன்தான் வேணாம்னான்."

அதோடு இன்னும் ஒன்றும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

"நானா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன். மீட்டர் கண்ணாடிய ரெண்டு தட்டுத் தட்டிட்டு ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

"நிறுத்த மாட்டியா?"

"மாட்டேன்."

"நெசமாவே எண்ணெய் போயிருந்தா?"

"இந்நேரம் இஞ்சின் போயிருக்கும்."

மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "உன்னைப் போய் இதுல ஏத்துறேன்னு சொன்னேன் பாரு லா! தவுக்கே என்னை உயிரோட பொதைச்சிருப்பாரு." அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். டோசர்காரர் மட்டும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு வேலை போயிற்று, அவருக்கு வேலை நிலைத்தது.

"ஏறு, ஏறு. எவ்வளவு முடியுமோ தள்ளு" என்றார் மண்டோர் அவரைப் பார்த்து.

கசிவு கசிந்துகொண்டே இருந்தது. கீழே ஒரு டின்னைக் கட்டிவிட்டு, ஒழுகட்டும் என்று விட்டோம். அவர் மேட்டின் மேல் ஏறி இறங்கி மண்ணைத் தள்ளியதை மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவர் கண் ஒருமுறை மீட்டருக்குப் போய் வந்தது. வெயில் தாழத் தொடங்கியபோது மேட்டில் ஒரு ஓரம்தான் பாக்கி. மண்டோர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"போதும், போ. மிச்சத்தைச் சனிக்கிழமை விடிய வந்து தள்ளிக் குடு. இந்தக் காலோடயா போகப்போறே? ஃபாதர் கழுவி முடிக்கிறதுக்குள்ள கோயில்ல தண்ணியே தீர்ந்துடும் லா!"

அவர் முழங்கால் வரை சிவப்பு மண் அப்பியிருந்தது. பீப்பாய்த் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே, "முன்னாலேயே கழுவிட்டுப் போனாத்தான் ஃபாதருக்கு மரியாதை மண்டோர்" என்றார். அன்று முழுவதிலும் அவர் சிரித்தது அப்போதுதான். புறப்படும்போது என்னிடம் வந்து, எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவருக்குத் தெரிந்த பாய் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகவும், ஜொகூரில் தன்னோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர் என்றும், தன் பேரைச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். நன்றி என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாலம் இருந்த திசையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் அவரை நான் பார்க்கவே இல்லை.

வேலையாட்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போன லோரியில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். பின்னால் திறந்த லோரி. அந்தக் காலத்தில் அப்படி நின்றுகொண்டு இந்த ஊரைக் குறுக்கே கடந்து வருவது ஒரு தனி சுகம். ரப்பர் மரம், பிறகு கோழிப் பண்ணை, பிறகு பலகை வீடுகள் நிறைந்த கம்பம், பிறகு திடீரென்று விளக்கு. சிராங்கூன் சாலையில் இறங்கியபோது பூக்கடைகளின் ஈர வாசனை வந்தது. இத்தனை வருடங்கள் கழித்து, சில மாதங்களுக்கு முன் மகளைப் பார்க்க மார்சிலிங் போனவன், அந்த மேடு இருந்த இடத்தைத் தேடினேன். எந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழே அது இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தரை நல்ல சமமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. காலையில் பாய் கடையைக் கண்டுபிடித்து அந்தப் பேரைச் சொன்னேன். பாய் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. விடுமுறை நாள் கூட்டம். பின்கட்டில் மசாலா அரைக்கும் மெஷினைக் காட்டி, நின்று பார்த்துக்கொள் என்றார். தேங்காயும் மிளகாயும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மெஷினின் சத்தம் லேசாக மாறியது போல இருந்தது. என் கை தானாகப் போய்ச் சுவிட்சை அணைத்தது. அதற்கு முன்னால் நான் பார்த்த எந்த வேலையிலும் அப்படிச் செய்ததில்லை.

பாய் கரண்டியோடு ஓடிவந்தார். "எதுக்கு நிறுத்தினே?"

"சத்தம் மாறுச்சு பாய்."

அவர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், குனிந்து மோட்டாரைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேப்பா! வந்த அன்னிக்கே வேலைய நிறுத்துறவன இப்பத்தான் பார்க்கிறேன். போடு, போடு, வெளியில ஆளு நிக்குது" என்று ஏசிவிட்டுப் போனார். சுவிட்சைப் போட்டேன். அதன்பிறகு எத்தனையோ இயந்திரங்களோடு என் காலம் போய்விட்டது. ஆனால் ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டாய் என்று யாராவது என்னை ஏசினால், அன்று போலவே இன்றும் எனக்குக் கோபம் வருவதில்லை.